டெல்டா சாலைகளில் சைக்கிளும் பிரேக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பள்ளிக்கும் வயலுக்கும் வேலைக்கும் சைக்கிளில் போகிறவர்கள், விடியற்காலையில் கியர் சைக்கிள் மிதிக்கிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விகள் இவை.

ரிம் பிரேக் நல்லதா, டிஸ்க் பிரேக் நல்லதா?

ரிம் பிரேக்கில் கட்டை சக்கரத்தின் வெளி வளையமான ரிம்மைப் பிடிக்கிறது; டிஸ்க் பிரேக்கில் அச்சோடு சுழலும் தட்டைப் பிடிக்கிறது. டிஸ்க் பிரேக்கின் அருமை முதலில் தெரிவது மலை இறக்கத்தில். கிலோமீட்டர் கணக்கில் பிரேக் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். டிஸ்க்கில் அந்தச் சூடு டயர் பக்கம் போகாது. டெல்டாவில் அப்படி ஒரு இறக்கமே கிடையாது. ஆற்றுப் பாலத்திலிருந்து இறங்குவதுதான் இங்கே பெரிய சரிவு. அதற்காக யாரும் டிஸ்க் வாங்க வேண்டியதில்லை.

மழை வேறு விஷயம். ரிம் டயரை ஒட்டியே இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீரும் சேறும் அதன்மேல் ஏறும். பிரேக் கட்டை முதலில் அதை வழித்துத் தள்ள வேண்டும், பிறகுதான் பிடிக்கும். டிஸ்க் தட்டு அச்சுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து உயரத்தில் இருக்கிறது. நனைந்தாலும் சட்டென்று பிடித்துவிடும். சக்கரம் கோட்டமாக இருந்தாலும் டிஸ்க்குக்குக் கவலையில்லை.

ஐப்பசி, கார்த்திகையிலும் 25 கி.மீ. வேகத்துக்கு மேல் ஓட்டுகிறவர்கள் டிஸ்க் வாங்குவது சரியான முடிவு. மற்றவர்களுக்கு அலுமினிய ரிம்மும் ஒழுங்காகப் பொருத்திய வி பிரேக்கும் (ரிம்மின் இருபுறமும் நிற்கும் இரண்டு நீளக் கைகளால் பிடிக்கும் ரிம் பிரேக்) தாராளமாகப் போதும். கிராமத்துச் சைக்கிள் கடையிலேயே கட்டையும் ஒயரும் கிடைக்கும், அரை மணி நேரத்தில் மாற்றிக்கொண்டு கிளம்பலாம். உண்மையான ஆபத்து இந்த இரண்டிலும் இல்லை. குரோம் பூசிய இரும்பு ரிம்மோடு, முன் பிரேக் செத்துப்போன சைக்கிளை மழையில் ஓட்டுவதில் இருக்கிறது.

முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுந்துவிடுவோம் என்கிறார்களே?

இந்தப் பயத்தால் முன் பிரேக் ஒயரைக் கழற்றி விட்டவர்களே உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பிரேக் பிடித்ததும் உடல் எடை முன்சக்கரத்துக்குப் போகிறது. பின்சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரத்தை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் அது வழுக்குமே தவிர நிறுத்தாது. அதனால் காய்ந்த தார்ச் சாலையில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தால் நிற்கும் தூரம், பின் பிரேக் மட்டும் பிடிப்பதில் ஏறக்குறைய பாதி.

20 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். ஆபத்தைப் பார்த்துக் கை லீவரை அழுத்த ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குள்ளேயே ஐந்தரை மீட்டர் போய்விடும். பிறகு பின் பிரேக் மட்டும் என்றால் தோராயமாக 6 மீட்டர், இரண்டும் சேர்ந்தால் 3 மீட்டர். 30 கி.மீ. வேகத்தில் கை லீவரை அழுத்தும் முன்னேயே 8 மீட்டருக்கு மேல் போய்விடும். அதன்பின் 14 மீட்டர், அல்லது 7 மீட்டர். சந்திலிருந்து ஒரு குழந்தை ஓடிவந்தால் அந்த 7 மீட்டர்தான் எல்லாம்.

குப்புற விழுவது நடக்கும், இல்லையென்று சொல்லவில்லை. முன் லீவரைத் திடீரென்று முழு பலத்தோடு இழுத்து, கையை மடக்கி உடலை முன்னே போகவிட்டால் விழலாம். தவிர்ப்பது எளிது. லீவரை வெடுக்கென்று இழுக்காமல், பிடித்து, பிறகு இறுக்குங்கள். கைகளை விறைப்பாக ஊன்றி, பின்பக்கம் சீட்டின் பின்னால் நகரட்டும். ஆளில்லாத மைதானத்தில் மெதுவான வேகத்தில் தொடங்கிப் பழகுங்கள். பின்சக்கரம் வழுக்கத் தொடங்கினால், முன் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்பது அடையாளம்.

இரண்டு இடங்களில் மட்டும் முன் பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும்: வளைவில் சாய்ந்திருக்கும்போது, சேறு, மணல், நெல் போன்ற உருளும் தரையில். முன்சக்கரம் வழுக்கினால் திருத்திக்கொள்ள நேரமே கிடைக்காது.

எந்தக் கையில் முன் பிரேக்?

நம் நாட்டில் வழக்கமாக வலது கை முன், இடது கை பின். மோட்டார் சைக்கிளிலும் வலது கை லீவர் முன்சக்கரத்துக்குத்தான். வெளிநாட்டு இறக்குமதி சைக்கிள்களில் மாறியிருக்கலாம். இரவல் சைக்கிளில் ஏறும் முன் ஒவ்வொரு லீவராக அழுத்தி எது எங்கே பிடிக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

மழை பெய்தால் பிரேக் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. கட்டை புதுசுதான். ஏன்?

பெரும்பாலும் ரிம் இரும்பு. குரோம் பூச்சு கண்ணாடி மாதிரி வழவழப்பானது. காய்ந்திருக்கும்போது ரப்பர் அதைப் பிடிக்கும். நனைந்ததும் பிடிமானம் பல மடங்கு குறைந்துவிடும். கட்டையை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது.

ஒரு காந்தத்தை ரிம்மில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். இரும்பென்றால், பிள்ளையின் சைக்கிளுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி முன்சக்கரத்துக்கு மட்டுமாவது அலுமினிய ரிம் போட்டுக் கொடுப்பது. அளவும் போக்ஸ் ஓட்டைகளின் எண்ணிக்கையும் பழைய ரிம்மோடு பொருந்த வேண்டும். 36 ஓட்டை ஹப்புக்கு (சக்கரத்தின் நடுப்பகுதி) 32 ஓட்டை ரிம் போட முடியாது. ரிம்மின் ஆழம் மாறினால் போக்ஸ் நீளமும் மாறும், கடையில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அதுவரைக்கும்: மழையில் வேகத்தைப் பாதியாக்குங்கள். நிற்க வேண்டிய இடத்துக்குப் பத்து இருபது மீட்டர் முன்பே இரண்டு லீவரையும் லேசாகத் தொட்டபடி ஓட்டுங்கள். கட்டை ரிம்மைத் துடைத்துக்கொண்டே வரும், இறுக்கும்போது பிடிக்க ஏதாவது இருக்கும்.

அப்பா காலத்துக் கம்பி பிரேக் சைக்கிள். அதை வைத்திருக்கலாமா?

வைத்திருக்கலாம். புல்லுக்கட்டும் பால் கேனும் ஏற்றிப் போகிறவர்கள் இன்னும் அதைத்தான் நம்புகிறார்கள். ஒயர் இல்லை, துருப்பிடித்து உள்ளே அறுந்துபோகும் பேச்சும் இல்லை. கட்டை ரிம்மின் பக்கவாட்டில் பிடிக்காமல், போக்ஸ் இருக்கும் உட்பக்கத்தில் பிடிப்பதால் சக்கரம் கொஞ்சம் கோட்டமானாலும் ஓடும்.

குறை: பிடிக்கும் பலம் கம்மி, ரிம் இரும்பு. தேய்மானத்தை நட்டில் இறக்கிச் சரிசெய்யாமல் விட்டால் லீவர் ஹேண்டில் பாரில் முட்டும்வரை வந்துவிடும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கட்டையைத் தாங்கும் வளைந்த கம்பி, முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கில் ஒரு பிடியின் வழியாக மேலும் கீழும் போகும். அந்தப் பிடியின் ஸ்க்ரூ அதிர்வில் கழன்றால் கம்பி திரும்பிப் போக்ஸுக்குள் நுழைந்துவிடும். முன்சக்கரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். வாரம் ஒருமுறை கையால் ஆட்டிப் பாருங்கள்.

வி பிரேக் கட்டையை நாமே பொருத்துவது எப்படி?

5 மி.மீ. அலன் கீ, ஒரு ஸ்க்ரூ டிரைவர், உப்புத்தாள் ஒரு துண்டு போதும்.

முதலில் சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் பாருங்கள். 2 மி.மீ.க்கு மேல் ஆடினால் கோட்டம் எடுத்த பிறகே பிரேக்கில் கை வையுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் வீண் வேலை. ரிம்மைப் பாத்திர சோப்பால் கழுவிக் காயவிடுங்கள். பழைய கட்டையையே போடுவதென்றால் அதன் பளபளப்பை உப்புத்தாளில் தேய்த்து எடுத்து, உள்ளே பதிந்திருக்கும் அலுமினியத் துகளையும் ஆற்று மணலையும் ஊசியால் நோண்டி எடுங்கள். இந்தத் துகள்தான் ரிம்மை அறுப்பது.

கட்டையை ரிம்மின் நடுவில் வையுங்கள். மேலே ஏறினால் டயரின் பக்கவாட்டை அறுத்துவிடும், கீழே இறங்கினால் ஒருநாள் நழுவிப் போக்ஸுக்குள் போய்விடும். கட்டையின் முன்முனை முதலில் தொட வேண்டும்; பின்முனைக்கும் ரிம்முக்கும் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தால் கிறீச்சென்ற சத்தம் வராது. அப்படியே பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். கட்டை ரிம்மைத் தொடும்போது பிரேக்கின் இரண்டு கைகளும் ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். இல்லையென்றால் கட்டைக்கு இருபுறமும் உள்ள தடித்த வாஷரையும் மெல்லிய வாஷரையும் இடம் மாற்றுங்கள்.

பிறகு ஒயரை இழுத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. இடைவெளி. ஒரு பக்கக் கட்டை உரசினால் அந்தப் பக்கத்துச் சிறிய ஸ்பிரிங் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே முறுக்குங்கள், அது ரிம்மிலிருந்து விலகும். கடைசியாக லீவரை முழு பலத்தோடு பத்து முறை அழுத்துங்கள். ஒயர் நழுவினால் வீட்டிலேயே நழுவட்டும். முழுக்க அழுத்தும்போது லீவருக்கும் ஹேண்டில் பாருக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும்.

பஞ்சர் ஒட்டிய பிறகு இன்னொன்று. சக்கரத்தைக் கழற்ற வி பிரேக்கின் வளைந்த குழாயைக் கொக்கியிலிருந்து விடுவிப்பார்கள். திரும்ப மாட்ட மறந்தால் லீவர் காற்றில் இழுப்பதுபோல் வரும். கடையை விட்டுக் கிளம்பும் முன் இரண்டு லீவரையும் அழுத்திப் பாருங்கள்.

ஒயர் எப்போது மாற்ற வேண்டும்?

ஒரு இழை அறுந்தாலும் உடனே. பெரும்பாலும் லீவருக்குள் இருக்கும் குமிழுக்குப் பக்கத்தில்தான் அறும், வெளியே தெரியாது. லீவரை முழுக்க அழுத்தி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள்.

வெளி உறையில் ஒரு எச்சரிக்கை. கியர் உறையை பிரேக்குக்குப் போடவே கூடாது. பிரேக் உறையில் கம்பி சுருளாக ஓடுகிறது; கியர் உறையில் நீளவாக்கில் ஓடுகிறது. பலமாக அழுத்தினால் கியர் உறை பிளந்துகொள்ளும், பிரேக் ஒரே நொடியில் போய்விடும். வெட்டிய முனையைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

கேலிப்பர் பிரேக்குக்கு வி பிரேக் லீவர் போடலாமா?

கூடாது. கேலிப்பர் பிரேக் என்பது ரிம்முக்கு மேலே மாட்டும், வளைந்த கைகளுள்ள ரிம் பிரேக். வி பிரேக்குக்கு அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஒயர் இழுக்க வேண்டும். அந்த லீவரைக் கேலிப்பருக்குப் போட்டால் கையில் கல் மாதிரி இறுக்கமாக இருக்கும், பிடிக்காது. மாற்றிப் போட்டால் லீவர் ஹேண்டில் பாரில் போய் முட்டும்.

சாதாரண சைக்கிளை டிஸ்க்காக மாற்ற முடியுமா?

தட்டு மாட்ட ஹப்பில் இடம் வேண்டும், தட்டைக் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் கேலிப்பரைத் தாங்கப் போர்க்கிலும் பிரேமிலும் இடம் வேண்டும். இல்லாத சைக்கிளில் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டிஸ்க் பிடிக்கும்போது முழு விசையும் போர்க்கின் ஒரு காலில், அதன் கீழ்முனையில் விழுகிறது. ரிம் பிரேக்குக்காகச் செய்த போர்க்கு அதற்குத் தாங்காது.

ஒயர் டிஸ்க்கா, ஹைட்ராலிக்கா?

ஹைட்ராலிக்கில் ஒயருக்குப் பதில் எண்ணெயின் அழுத்தம்தான் கட்டையைத் தள்ளுகிறது. பலமும் கைக்கு இலகுவும் ஹைட்ராலிக்கில்தான். பழுது பார்க்கும் வசதி ஒயர் டிஸ்க்கில். தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊரில் இருந்தால் ஹைட்ராலிக் வாங்கலாம். வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்தில் இருந்தால் ஒயர் டிஸ்க் நிம்மதி.

பல ஒயர் டிஸ்க்குகளில் ஒரு பக்கக் கட்டை மட்டும்தான் நகரும். தேய்ந்ததும் நகராத கட்டையைத் திருகி உள்ளே கொண்டுவர வேண்டும். ஒயரை மட்டும் இழுத்துக்கொண்டே போனால் தட்டு வளைந்து உரசும். தட்டு உரசினால் கேலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடி மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஹைட்ராலிக் வைத்திருப்பவர்கள் மூன்று விஷயத்தைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சக்கரம் கழற்றியிருக்கும்போது லீவரை அழுத்தக் கூடாது, கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். நடுவில் மடித்த அட்டை ஒன்றைச் செருகி வைக்கலாம். பஞ்சருக்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவது நம் வழக்கம்; அப்போது எண்ணெய்த் தொட்டியில் இருக்கும் காற்று குழாய்க்குள் போகலாம். நிமிர்த்தியதும் லீவர் தொளதொளவென்றிருந்தால் பலமுறை அழுத்திப் பாருங்கள், இறுகவில்லையென்றால் ஓட்டாதீர்கள். மூன்றாவது எண்ணெய். ஷிமானோ நிறுவனத்தின் பிரேக்குக்கு மினரல் ஆயில், ஸ்ராம் நிறுவனத்தின் பல பிரேக்குகளுக்கு டாட் (DOT) எனப்படும் பிரேக் திரவம். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளே ரப்பர் வாஷர்கள் கெட்டுவிடும்.

செயினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு சொட்டு தட்டில் பட்டாலும் பிரேக் அலறும், பிடிக்காது. ஸ்பிரே எண்ணெயைச் சைக்கிள் பக்கமே கொண்டுவராதீர்கள். தட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சுத்தத் துணியால் துடைக்கலாம். எண்ணெய் குடித்த கட்டையை மாற்றிவிடுவதே நல்லது. புதுக் கட்டை போட்டால் 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகம்வரை, சக்கரம் வழுக்காமல், இருபது முறை குறைத்துப் பழக்குங்கள். பிடிக்கும் பகுதி அரை மி.மீ.க்கு வந்ததும் மாற்றுங்கள்.

டிஸ்க் தட்டு விபத்தில் வெட்டிவிடும் என்பது உண்மையா?

சாலைப் பந்தய உலகில் இது பெரிய சண்டையாகவே நடந்தது. 2016 ஏப்ரலில் பாரி-ரூபே பந்தயத்தில் ஸ்பெயின் வீரர் ஃபிரான் வென்டோசோவுக்குக் காலில் ஆழமான காயம். டிஸ்க் தட்டுதான் காரணம் என்றார் அவர். சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ அப்போது நடந்துகொண்டிருந்த டிஸ்க் சோதனையை நிறுத்தியது. 2017இல் சோதனை மீண்டும் தொடங்கியது, 2018 ஜூலையில் முழு அனுமதி வந்தது. இன்று பெரிய பந்தயங்களில் டிஸ்க்கே வழக்கம். நூறு பேர் தோளோடு தோள் உரசி ஓட்டும் கூட்டத்தில் எழுந்த கேள்வி அது. திருவையாறு சாலையில் தனியாகப் போகிறவருக்குப் பொருந்தாது. ஆனால் சுழலும் தட்டுப் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

பிரேக்கே இல்லாத பிக்ஸி ஓட்டலாமா?

பிக்ஸி என்பது ஃபிரீவீல் இல்லாமல், பெடலும் பின்சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுழலும் சைக்கிள். பொதுச்சாலையில் கூடாது. பெடலை எதிர்த்து மிதிப்பது பின்சக்கரத்தை மட்டுமே தடுக்கும், செயின் கழன்றால் அதுவும் போயிற்று. முன் பிரேக் ஒன்றாவது கட்டாயம் வேண்டும்.

சாலையில் நெல் காயப்போட்டிருந்தால்?

குறுவை அறுவடையிலும் சம்பா அறுவடையிலும் பாதிச் சாலை களமாகிவிடும். நெல்மேல் ஓட்ட நேர்ந்தால் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, நெல்மேல் போகும்போது பிரேக்கையும் ஹேண்டில் பாரையும் அசைக்காமல் நேராகப் போங்கள். உருளும் நெல்மணியில் டயருக்குப் பிடிமானமே இருக்காது. நெல்லைச் சுற்றி வைக்கும் கருங்கல் இன்னும் மோசம், அள்ளிய பிறகும் கல் அங்கேயே கிடக்கும். இரவில் அதில் மோதினால் ரிம் நசுங்கும், ஆளும் விழுவார்.

வைக்கோல் ஃபிரீவீலிலும் பிரேக் கைகளிலும் சுற்றிக்கொள்ளும். ஓடும்போது காலால் தள்ளாமல் நிறுத்தி உருவுங்கள்.

நடவுக் காலத்தில் வயலிலிருந்து ஏறும் டிராக்டர் களிமண்ணைக் கட்டி கட்டியாகத் தாரில் உதிர்த்துவிட்டுப் போகும். காய்ந்திருந்தால் வெறும் மேடுபள்ளம். முதல் தூறல் விழுந்ததும் அந்த இருபது முப்பது அடி வழுக்குப் பாறைக்குச் சமம். வயல் இறங்கும் வழி தெரிந்தாலே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் மண்ணில் இறங்க வேண்டுமா?

பதறி இறங்குவதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். மழைக்குப் பிறகு தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே நாலைந்து அங்குலப் பள்ளம் இருக்கும். விளிம்பை ஒட்டியே ஓட்டினால் தப்பிக்க இடமில்லை. விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே, நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். வழிவிட வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்துவிட்டு இறங்குங்கள். ஏறும்போது விளிம்போடு சாய்வாக ஏறப் பார்த்தால் முன்சக்கரம் அதை உரசித் திரும்பிவிடும். நின்று, தூக்கி வைத்து ஏறுங்கள்.

கல்லணைக் கால்வாய், வெண்ணாறு, அரசலாறு ஓரத்துக் கரைச் சாலைகளில் ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் சரிவு. பல மதகுகளுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. சாலைமேல் தண்ணீர் ஓடினால் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாது. திரும்பிப் போவதே சரி. ரயில்வே கேட்டில் தண்டவாளத்தை நேர்க் குறுக்காக, பிரேக் தொடாமல் கடந்து செல்லுங்கள்.

இரவில் என்ன வேண்டும்?

முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு, மட்கார்டில் ஒளிரும் ஸ்டிக்கர். பின்விளக்கைச் சீட்டுக்குக் கீழே மாட்டினால் கேரியரில் வைத்த பை மறைத்துவிடும். கேரியரின் பின்முனைக்கு அடியில் மாட்டுங்கள். பின்விளக்கே இல்லாத டிரெய்லரும் கரும்பு டிராக்டரும் இருட்டில் நின்றுகொண்டிருக்கும், ஆகவே விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அதையொட்டிய இரவுகளில் சாலையோரமெங்கும் நடந்து போகும் பக்தர்கள் இருப்பார்கள்.

நாகப்பட்டினம், கோடியக்கரைப் பக்கம் எல்லாம் துருப்பிடிக்கிறதே?

உப்புக் காற்று ஒயருக்கு எமன். துருப்பிடிக்காத எஃகு ஒயர் கேட்டு வாங்குங்கள். உறையின் தாழ்வான வளைவில் தண்ணீர் தங்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒயரை உருவித் துடைத்து, லேசாகக் கிரீஸ் தடவி மறுபடி போடுங்கள். லீவரை விட்டதும் கட்டை உடனே திரும்பவில்லையென்றால் உள்ளே துரு தொடங்கிவிட்டது.

கேரியரில் ஆள் ஏற்றினால் பிரேக்கில் என்ன மாறும்?

நிற்கும் தூரம் நீளும். பின்சக்கரத்தில் எடை கூடுவதால் பின் பிரேக் வழக்கத்தைவிட நன்றாக உதவும், இரண்டையும் சேர்த்தே பிடியுங்கள். பாலத்திலிருந்து இறங்கும்போது மேலேயே பிடிக்கத் தொடங்குங்கள். பிள்ளையின் கால் போக்ஸுக்குள் போகாமல் சக்கரத்துக்கு மறைப்பு கட்டாயம்.

விழுந்துவிட்டால், மறுபடி ஏறும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

தலையில் அடி, மயக்கம், வாந்தி என்றால் சைக்கிளை மறந்துவிட்டு 108ஐ அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033ம் இருக்கிறது.

ஆளுக்கு ஒன்றுமில்லை என்றால்: முன்சக்கரத்தைக் கால்களுக்கு நடுவே பிடித்து ஹேண்டில் பார் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சக்கரத்தையும் தூக்கிச் சுழற்றுங்கள், கட்டையிலோ தட்டிலோ உரசுகிறதா என்று கவனியுங்கள். லீவர் திரும்பியிருந்தால் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து இறுக்குங்கள். ஒவ்வொரு லீவராக முழுக்க அழுத்தி, சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளுங்கள், சக்கரம் அசையக் கூடாது. போர்க்கின் மேல்பகுதியில் பெயின்ட் சுருங்கியிருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ ஏறாதீர்கள், தள்ளிக்கொண்டே கடைக்குப் போங்கள்.